அம்மாவின் பூவேலைக்குச் சட்டம் போடும் முன்

நாகர்கோவிலுக்கு அருகில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தாயார் சென்ற ஆண்டு காலமானார். தந்தை முன்பே மறைந்துவிட்டார். வீட்டை ஒழுங்குபடுத்தியபோது மூன்று பொருள்கள் அவரைத் தடுத்து நிறுத்தியிருக்கின்றன. முதலாவது, தாயார் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்தில் மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிட்ச் போட்டு முடித்த படம்: இரண்டு கிளிகள், நடுவில் ‘நல்வரவு’, கீழே 1961 என்ற ஆண்டு. அது அன்றைக்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் போய், அறுபது ஆண்டுகளாக முன்னறைச் சுவரில் தொங்கியிருக்கிறது. இப்போது துணியில் பழுப்புப் பட்டைகள், ஓரங்களில் கரும்புள்ளிகள், ஒரு மூலையில் துணி கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. இரண்டாவது, 1962-இல் தாயார் உடுத்திய கல்யாணப் பட்டு. மடிப்புகளில் கிழிசல் விட்டு, ஜரிகை கறுத்திருக்கிறது. மூன்றாவது, பாட்டியின் தாயார் 1915-ஆம் ஆண்டு வாக்கில் பின்னியதாக வீட்டில் சொல்லப்படும், ஒரு முழ நீளமுள்ள ரேந்தை, அதாவது லேஸ்.

அவருடைய திட்டம் இது. கிளிப் படத்தைப் பிளீச்சிங் கலந்த நீரில் ஊறவைத்து வெளுப்பாக்கி, புதிய சட்டம் போட்டு, ஜன்னலுக்கு எதிரே நல்ல வெளிச்சத்தில் மாட்ட வேண்டும். பட்டுப் புடவையை மூன்றாக வெட்டி, உடன்பிறந்தோர் மூவருக்கும் ஆழமான பெட்டிச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். ரேந்தையை டொராண்டோவில் இருக்கும் தங்கை தன்னோடு எடுத்துச் செல்ல வேண்டும். “அம்மாவின் கை பட்டதைப் பீரோவுக்குள் பூட்டி வைக்க மனம் வரவில்லை, எதையும் கெடுத்துவிடாமல் செய்ய வழி சொல்லுங்கள்” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் திட்டத்தில் இருக்கும் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் மூன்று செயல்கள் ஒருமுறை செய்துவிட்டால் திரும்பப் பெற முடியாதவை: வெளுப்பது, வெட்டுவது, ஒட்டுவது. துணிப் பாதுகாப்பில் எங்களுக்கு முதல் நாள் சொல்லித் தரப்படும் பாடம், நாளை இன்னொருவர் அவிழ்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடியதை மட்டுமே செய்ய வேண்டும் என்பது. நீங்கள் கேட்டவற்றை அந்தக் கண்ணோடு ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். கிளிப் படத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் அதுதான் இப்போது ஆபத்தில் இருக்கிறது. மற்ற இரண்டும் சில மாதங்கள் காத்திருக்கும்.

பழைய சட்டம்தான் நோய்

துணி பழுத்ததற்கு வயதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். வயதும் ஒரு காரணமே, ஆனால் முதற்காரணம் அன்று. உங்கள் படத்தின் பின்புறத்தில் ஹார்டுபோர்டோ சாதாரண அட்டையோ இருப்பதாகவும், அதன் ஓரங்கள் ஆணியடித்து மூடப்பட்டிருப்பதாகவும் கூறியுள்ளீர்கள். மரக்கூழில் செய்த அட்டை நாள்பட நாள்பட அமிலத்தை வெளிவிடும். அது பருத்தி இழைக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகப் படிவதோடு, இழையையும் உள்ளிருந்தே நொறுக்குகிறது. துணியில் கோடு கோடாகப் பட்டைகள் தெரிந்தால், பின்னால் இருக்கும் பலகையின் வரிகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். கண்ணாடி துணியைத் தொட்டுக்கொண்டிருந்தது அடுத்த குற்றம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆண்டுதோறும் வந்துபோகும் உங்கள் மாவட்டத்தில், கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும்; அந்த ஈரம் துணியில் தங்கும்; காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். உங்கள் கரும்புள்ளிகள் அவைதாம்.

ஆகவே இந்த வாரமே செய்யத் தக்கது ஒன்று உண்டு: படத்தைச் சட்டத்திலிருந்து விடுவிப்பது. அதற்கு முன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேசைமீது சுத்தமான வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கண்ணாடி கீழே இருக்கும்படி படத்தைக் கவிழ்த்து வையுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் என்95 முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். பூஞ்சைத் தூள் நுரையீரலுக்கு நல்லதன்று. துருப்பிடித்த ஆணிகளைக் குறடால் நேராக இழுத்து எடுங்கள், நெம்ப வேண்டாம். அட்டையில் துணி மைதாப் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் துணியைப் பிய்க்காதீர்கள்; அட்டையைத்தான் பின்புறத்திலிருந்து படலம் படலமாக உரிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஒரு பிற்பகல் முழுதும் போகும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மூலை தானாக விடுபடாவிட்டால் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நீர் தெளிப்பது, கத்தியை நுழைப்பது, இழுத்துப் பார்ப்பது ஆகிய மூன்றும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே அதைத் தட்டையாக வைத்து, வல்லுநர் ஒருவரிடம் கொண்டு செல்வதே வழி.

விடுபட்ட துணியைக் காற்றோட்டமுள்ள நிழலில் ஓரிரு நாள் விரித்து உலரவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை சாகும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சாகலாம், ஆனால் நூலின் நிறமும் அதோடு போகும். நன்றாக உலர்ந்தபின், கொசுவலைத் துண்டு ஒன்றைத் துணிமேல் விரித்து, வேக்குவம் கிளீனரின் உறிஞ்சலை மிகக் குறைவாக வைத்து, வலையின் மேலாகத் தூசியை எடுக்கலாம். அந்தக் கருவி இல்லாவிட்டால் மென்மையான ஓவியத் தூரிகையால் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடையுங்கள்.

துணியின் பின்பக்கத்தை இப்போது கவனித்துப் பாருங்கள். அறுபது ஆண்டுகளாக வெளிச்சம் படாத அந்த முகத்தில்தான் உங்கள் அம்மா தேர்ந்தெடுத்த உண்மையான நிறங்கள் இருக்கும். முன்புறம் சாம்பல் பூத்த கிளி, பின்புறம் நல்ல பச்சையாக இருப்பதைப் பலர் வீட்டுப் பொருள்களில் நான் கண்டிருக்கிறேன்.

வெளுக்கலாமா, துவைக்கலாமா

பிளீச்சிங் வேண்டவே வேண்டாம். குளோரின் கலந்த எந்தப் பொருளும் பழைய பருத்தியின் வலுவைக் குறைக்கும். உங்கள் துணியில் ஆணித் துருவும் இருப்பதால் ஆபத்து இரட்டிப்பு: இரும்பு இருக்கும் இடத்தில் பிளீச் வேகமாக வேலை செய்து, கறை இருந்த இடத்தில் ஓட்டையை விட்டுச் செல்லும். எலுமிச்சையும் உப்பும் துருவைப் போக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த அமிலம் இழையில் தங்கினால், இத்தனை ஆண்டுகள் அட்டை செய்த அதே தீங்கைத்தான் அதுவும் செய்யும்.

வெறும் நீரில் துவைப்பதுகூட நூலைப் பொறுத்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே சோதனை தேவை. பின்பக்கத்தில் அந்த நிற நூலின் நுனியில், மின்கலத்துக்கு ஊற்றும் உப்பு நீக்கிய நீரைத் துளியளவு வைத்து, வெள்ளை மையொற்றுத் தாளை அதன் மேலும் கீழும் வைத்து, சிறு எடை ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு அதே சோதனையை மென்மையான சோப்புக் கரைசலிலும் செய்யுங்கள். ஒரே ஒரு நிறம் தாளில் இறங்கினாலும் துவைக்கும் எண்ணத்தைக் கைவிட வேண்டும். சிவப்பு, கருநீலம், கரும்பழுப்பு ஆகியவற்றை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பயிற்சிக் காலத்தில் என் பெரியம்மா பூவேலை செய்த தலையணை உறை ஒன்றை, ஐந்து நிறங்களில் நான்கை மட்டும் சோதித்துவிட்டு நீரில் இட்டேன். ஐந்தாவது, ரோஜாவின் சிவப்பு. அந்த இளஞ்சிவப்பு வட்டம் இன்றும் அந்த உறையில் இருக்கிறது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கூடுதல் வேதனை.

சோதனையில் எல்லா நிறமும் தேறினாலும், நீங்களே துவைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். பூஞ்சை பிடித்த துணி நனைந்தால் எவ்வளவு தாங்கும் என்பது கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்று இயங்கி வருகிறது. லக்னோவில் பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாப்பதற்கான தேசிய ஆய்வகம் 1976 முதல் உள்ளது. வீட்டுப் பொருள்களை நேரடியாக ஏற்பார்களா என்பதை அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்காவிட்டாலும், தகுதியுள்ள தனியார் வல்லுநர் யார் என்று விசாரிக்க அவை சரியான இடங்கள். செலவு மிகும் என்று தோன்றினால், கறையோடே விட்டுவிடுவதும் மதிக்கத்தக்க முடிவுதான். அமில அட்டையை அகற்றிய பிறகு அந்தக் கறைக்குப் புதிய தீனி கிடைக்காது.

புதிய சட்டம்

ஃபிரேம் கடைக்குப் போகும்போது நீங்கள் கேட்க வேண்டியது எந்த நிற மரச் சட்டம் என்பதன்று, உள்ளே என்ன வைக்கிறார்கள் என்பது. துணியின் பின்னால் அமிலமற்ற மவுண்ட் அட்டை வர வேண்டும்; பெரிய ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. அதன்மேல், பலமுறை அலசிக் கஞ்சி முழுதும் நீக்கிய வெள்ளைக் காடா துணியைப் போர்த்தி, அந்தக் காடாவில்தான் உங்கள் அம்மாவின் துணியைத் தைக்க வேண்டும். கஞ்சி சிறிது இருந்தாலும் இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. தையல் மெல்லிய பருத்தி நூலில், துணியின் ஓரங்களில், இழைகளுக்கு நடுவே ஊசி போகும்படி, இறுக்காமல் போடப்பட வேண்டும். இதைக் கடைக்காரர் செய்ய மாட்டார், நீங்கள் செய்வீர்கள். கிராஸ் ஸ்டிட்ச் அறிந்த ஒருவரின் மகளுக்கு இது கடினமன்று.

கடைகளில் வழக்கமாகச் செய்வது இரண்டு: இருபக்கமும் ஒட்டும் நாடா, அல்லது பசை தடவிய அட்டையில் சூடேற்றி ஒட்டுவது. “அப்போதுதான் சுருக்கம் இல்லாமல் நிற்கும்” என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், சில ஆண்டுகளுக்கு. பிறகு பசை மஞ்சளாகித் துணிக்குள் இறங்கும். இழையைக் கிழிக்காமல் அதை எடுக்க வழியிராது. ஆகவே தைத்து முடித்த அட்டையையே கடைக்குக் கொண்டு செல்லுங்கள், உள்ளே வைத்து மூடும்வரை அருகிலேயே நில்லுங்கள்.

கண்ணாடிக்கும் துணிக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம். நடுவில் ஜன்னல்போல் வெட்டிய மவுண்ட் அட்டையை இரண்டு அடுக்காக வைத்தாலோ, ஓரத்தில் மறைவாக அக்ரிலிக் பட்டி கொடுத்தாலோ அந்த இடைவெளி வந்துவிடும். பின்புறமும் அமிலமற்ற அட்டையால் மூடி, விளிம்புகளில் நாடா ஒட்டிப் பூச்சி நுழையாமல் செய்யுங்கள். இந்த நாடா சட்டத்தில் ஒட்டுகிறது, துணியில் அன்று, எனவே அச்சமில்லை. சட்டத்தின் பின் நான்கு மூலையிலும் சிறு கார்க் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போகும். மழையில் நனையும் வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் ஜன்னலுக்கு எதிரே மாட்டலாம் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி நல்லதுதான், வாங்குங்கள். ஆனால் அது தடுப்பது புற ஊதாவை மட்டுமே; கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தை அழிக்கும். அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே வெளிச்சம் கொடுக்கின்றன. 1949-இல் தொடங்கப்பட்ட அகமதாபாத் காலிக்கோ துணி அருங்காட்சியகத்தில் அறைகள் மங்கலாக இருப்பதைக் கண்டு பார்வையாளர்கள் சலித்துக்கொள்வதுண்டு; காரணம் இதுவே. நண்பகல் நேர்வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஒரு மணி நேர வெயில், 50 லக்ஸ் அறையில் 2,000 மணி நேரத்துக்குச் சமம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்று கணக்கிட்டால் 250 நாள்கள். உங்கள் அறைக்குள் நேர்வெயில் வராமல் இருக்கலாம், ஆனால் ஜன்னலுக்கு எதிரே 50 லக்ஸைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். இந்தச் சேதம் கூடிக்கொண்டே போவது. இரவில் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும் காயமன்று.

பீரோவில் பூட்ட மனம் வரவில்லை என்றீர்கள். பூட்ட வேண்டாம். வெளிச்சம் குறைந்த நடைபாதைச் சுவரிலோ படுக்கையறையிலோ மாட்டி, வேண்டும்போது விளக்கைப் போட்டுப் பாருங்கள். இன்னொரு வழி, நன்றாக எடுத்த புகைப்படத்தை அதே அளவில் அச்சிட்டு முன்னறையில் வைத்துவிட்டு, அசலை ஆண்டில் ஓரிரு மாதம், அம்மாவின் நினைவு நாளையொட்டியோ கிறிஸ்துமஸையொட்டியோ வெளியே எடுப்பது. பின்பக்கத்தின் புகைப்படத்தைக் கிடைமட்டத்தில் திருப்பி அச்சிட்டால் 1961-இன் நிறங்களிலேயே கிளிகளைப் பார்க்கலாம். பின்பக்க முடிச்சுகள் தெரியும். எனக்கு அதுவும் பிடிக்கும்.

பட்டுப் புடவையை வெட்ட வேண்டாம்

மூவருக்கும் சமமாகப் பங்கு கிடைக்க வேண்டும் என்பது நியாயம். ஆயினும் பழைய பட்டுப் புடவையை வெட்டினால் மூன்று பங்கு கிடைக்காது; பிரிந்துகொண்டே போகும் ஓரங்கள்தாம் கிடைக்கும். வெட்டிய இடத்தில் ஜரிகையின் உலோகச் சுற்று பட்டு நூலிலிருந்து உருவிக்கொண்டு வரும். சொத்துரிமைச் சட்டம் என் துறையன்று. இருப்பினும் உயில் எழுதாமல் மறைந்த தாயின் பொருளில் பிள்ளைகள் மூவருக்கும் உரிமை உண்டு என்பதால், மற்ற இருவரின் தெளிவான சம்மதம் இல்லாமல் கத்தரியை எடுப்பது உறவுக்கும் நல்லதன்று. அம்மாவின் வேறு பொருள்கள் இருக்கும்: தையல் பெட்டி, கைக்குட்டை, பாட்டுப் புத்தகம். அவற்றைப் பகிர்ந்துகொண்டு, புடவையை முழுதாக ஒருவர் பொறுப்பில் விட்டு, குடும்பத் திருமணங்களின்போது மற்றவர் வீட்டுக்கு அனுப்பலாம். தம்பி ஏற்கமாட்டார் என்று அஞ்சுகிறீர்கள். கிழிந்த மடிப்பை அவருக்கே காட்டுங்கள், என் சொல்லைவிட அது நன்றாகப் பேசும்.

புடவை கிழிந்ததற்குக் காரணம் ஒரே மடிப்பில் பல ஆண்டுகள் கிடந்ததுதான். எட்டு, பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள, புடவையின் அகலத்தைவிட நீளமான குழாய் ஒன்றின்மேல் அலசிய வெள்ளை மல் துணியைச் சுற்றி, நல்ல முகம் வெளியே இருக்கும்படி புடவையை உருட்டி, மேலே இன்னொரு மல் துணியைப் போர்த்தி வையுங்கள். கறுத்த ஜரிகையைப் புளி, திருநீறு, பற்பசை எதனாலும் தேய்க்காதீர்கள். அது வெள்ளி, கந்தகத்தோடு சேர்ந்து கறுத்தது. தேய்க்கும்போது கறுப்போடு முலாமும் போய்விடும். அந்தப் பீரோவிலேயே உங்கள் சிறுவயதுக் கம்பளிக் குல்லா இருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்: கம்பளியிலிருந்து வெளிப்படும் கந்தகம் ஜரிகையைக் கறுக்கச் செய்யும். குல்லாவில் பூச்சி இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், காற்றில்லாமல் பாலித்தீன் பையில் மூடி, வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுதும் பையைத் திறக்காமல் விடுங்கள்; இல்லாவிட்டால் குளிர்ந்த கம்பளியில் நீர் கோக்கும்.

பாச்சை உருண்டைகளையும் எடுத்துவிடுங்கள். நாப்தலீன் ஆவி துணியில் படியும், மூச்சுக்கும் கேடு. பேரக்குழந்தை வரும் வீட்டில் அது இருக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி பட்ட துணியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடும்.

ரேந்தையும் கனடாப் பயணமும்

இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மிஷன் பெண்கள் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த ரேந்தைப் பின்னலின் வழியில் வந்தது உங்கள் பூட்டியின் கைவேலை. தலையணைமேல் ஊசிகள் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அதன் வயது நூறு ஆண்டுகளுக்கு மேல் என்பது உண்மையானால், தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972 நினைவுக்கு வர வேண்டும். நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கைவினைப் பொருள் அந்தச் சட்டத்தின்படி தொல்பொருளாகக் கருதப்படலாம். தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்ல அனுமதி இல்லை. வீட்டு ரேந்தைத் துண்டு ஒன்று அந்த வரையறைக்குள் வருமா என்பதை நானோ நீங்களோ முடிவு செய்ய இயலாது. இந்தியத் தொல்லியல் துறையிடம் பொருளைக் காட்டி, அது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழ் பெற்றபின் தங்கை பயணம் செய்வதே பாதுகாப்பு. 1961-ஆம் ஆண்டுக் கிளிப் படத்துக்கும் 1962-ஆம் ஆண்டுப் பட்டுக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

அதுவரை ரேந்தையைத் தட்டையாக, மல் துணிக்கு நடுவே வையுங்கள். சட்டம் போடுவதாயின் கிளிப் படத்துக்குச் சொன்ன முறைதான், ஒரு மாற்றத்தோடு: பின்னல் எடுப்பாகத் தெரிய அடர்நிறத் துணி பின்னால் வேண்டியிருக்கும், அந்தத் துணி சாயம் இறக்காதது என்று முன்பே ஈரத்தாள் சோதனையில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து சட்டத்தை மூடும் முன், ஒரு தாளில் பென்சிலால் அம்மாவின் பெயர், அவர் படித்த பயிற்சிப் பள்ளி, 1961 என்ற ஆண்டு, நீங்கள் சட்டம் மாற்றிய தேதி, எந்தெந்தப் பொருளைப் பயன்படுத்தினீர்கள் என்பன எழுதி, உறையில் இட்டுச் சட்டத்தின் பின்புறத்தில் செருகிவிடுங்கள். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை ஓடும். கண்ணாடியில் ஒட்டிய மூலை மட்டும் அவிழாமல் நின்றால், இரண்டு பக்கமும் அருகில் வைத்து எடுத்த புகைப்படத்தோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள். பார்த்துவிட்டு அடுத்த படியைச் சொல்கிறேன்.